சியாவ்மானுக்கு இன்றைக்குப் பிறந்தநாள்

"பெரியம்மா, அந்தச் சிவப்புப் பட்டையைக் கொஞ்ச நேரம் கழட்டி வெச்சுட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன். உங்க முகத்தைப் பாத்தாலே சவாரி ஓடிப்போகுது."

"ஓடிப்போனா அவன் தப்பிச்சான்னு அர்த்தம். நேத்து அந்தத் தெற்கத்திக் குடும்பத்தை ஆளுக்கு முப்பது யுவான்னு ஏத்திக்கிட்டு, இறக்கி விடறப்ப சந்துக்கு முப்பதுன்னியாமே?" என்றாள் சூச்சின்.

"சந்து நிறைய இருக்குது, நான் என்ன பண்ணட்டும்? நானா கட்டினேன்?"

மிதிரிக்‌ஷா ஓட்டுகிற ஹூவுக்கு வெட்கம் கிடையாது. ஆனாலும் வெயில் ஏறினால் எங்களுக்கு ஐஸ்குச்சி வாங்கித் தருவான். நானும் தொங் சூச்சினும் அதை வாங்கித் தின்றுகொண்டே அவனைத் திட்டுவோம். ஷிச்சாஹாய் ஏரிக்கரையில், பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள வில்லோ மரத்தடிதான் எங்கள் இடம். மடக்கு நாற்காலி இரண்டு, வெந்நீர்க் குடுவை இரண்டு, கையில் தெருக் கமிட்டி கொடுத்த சிவப்புப் பட்டை. பெய்ஜிங்கில் வேலை ஓய்ந்த பெண்கள் பாதிப் பேர் இப்படித்தான் எங்காவது உட்கார்ந்திருக்கிறோம்.

எங்கள் வேலை, யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று பார்ப்பது. மொட்டைத்தலைச் சாமியார் ஒருவன் வெளியூர்க்காரர் கையில் மணிமாலையைப் போட்டுவிட்டுக் காணிக்கை கேட்டால், "ஏம்ப்பா, போன வாரம் உனக்கு முடி இருந்துச்சே?" என்று சூச்சின் உரக்கக் கேட்பாள். ஓவியக் கல்லூரி மாணவர்கள் என்று சொல்லிக்கொண்டு படம் விற்க வருபவர்களிடம், "இந்தக் கல்லூரியில யாருமே படிச்சு முடிக்க மாட்டீங்களா?" என்பாள். அவள் வாய்க்கு எல்லோரும் பயப்படுவார்கள்.

எங்களுக்குப் பெரிய தலைவலி தேநீர்க் கடைப் பெண்கள். இரண்டு இரண்டு பேராக வருவார்கள். "நாங்களும் ஊர் சுத்திப் பாக்கத்தான் வந்தோம், ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு வளர்ந்து, கால் வலித்து, பக்கத்துச் சந்தில் ஒரு தேநீர்க் கடை இருப்பது நினைவுக்கு வரும். உள்ளே போனால் விதவிதமாகச் சின்னச் சின்னக் கோப்பைகள். பிறகு ஒரு பில். பிறகு கதவருகே இரண்டு தடியன்கள்.

அந்தப் பெண்களைக் கண்டால் முதலில் எழுந்து போகிறவள் சூச்சின்தான். இந்த வசந்தத்தில்தான் அவள் எழுந்திருப்பது குறைந்தது.

சூச்சினுக்கு ஒரே மகள். அந்தக் காலத்தில் சட்டப்படி எங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். சியாவ்மான் என்று பெயர். மே மாதம், கோதுமைக் கதிர் பால் பிடிக்கும் சியாவ்மான் நாளில் பிறந்ததால் அந்தப் பெயர். ரத்தத்தில் நோய் வந்து, வேலைக்குச் சேர்ந்த மறு வருஷமே போய்விட்டாள். சூச்சினின் கணவர் தியென்ஜினில் இருக்கும் தம்பி வீட்டோடு போய்விட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அதன்பிறகு எங்கள் சந்தில் யாரும் சொல்லிவைக்காமலே ஒரு வழக்கம் வந்தது. சூச்சின் வந்தால் பேரப்பிள்ளைப் பேச்சு நிற்கும். புத்தாண்டுக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு யாரும் அவள் வாசலுக்குப் போவதில்லை. சியாவ்மான் என்ற பெயரை யாரும் சொல்வதில்லை. காலண்டரில் அந்த நாள் வந்தால்கூட, "கோதுமை எப்படியிருக்கோ இந்த வருஷம்" என்று சுற்றி வளைத்துப் பேசினோம். புண்ணைத் தொடக் கூடாது என்றுதான்.

போன இலையுதிர் காலத்தில், சூச்சின் குடியிருக்கும் பொது முற்றத்தில் மேற்குப் பக்கத்து அறைக்கு ஒரு பெண் குடிவந்தாள். கோங் யென் என்று பெயர், அன்ஹுய் பக்கம். வேலை தேநீர்க் கடையில் என்றாள். நாங்கள் நல்ல தேநீர்க் கடை என்று நினைத்தோம். வந்த முதல் வாரமே சூச்சின் வீட்டுக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள்.

"'யாரும்மா இது? மூக்கு அப்படியே உங்க மூக்கு'ன்னு கேட்டா, லுவான் அக்கா," என்று சூச்சின் மறுநாள் மரத்தடியில் எனக்குச் சொன்னாள். அவள் முகம் சிவந்திருந்தது. "அவ்வளவு சாதாரணமாக் கேட்டா. நான் ராத்திரி வரைக்கும் பேசிக்கிட்டே இருந்திருக்கேன். அவ வேர்க்கடலை உரிச்சுத் தின்னுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா."

குளிர் முடிவதற்குள் யென் அவளுக்கு வளர்ப்பு மகளாகிவிட்டாள். முறைப்படிதான் செய்தார்கள். நான்தான் சாட்சி. யென் மூன்று முறை குனிந்து வணங்கி, இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையை நீட்டி, "அம்மா, குடிங்க" என்றாள். சூச்சின் வாங்கிக் குடித்துவிட்டு, அம்மா கொடுக்க வேண்டிய சீரைக் கொடுத்தாள்: ஒரு புதுக் கிண்ணம், ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி. இனி உன் சாப்பாடு என் வீட்டில் என்று அதற்கு அர்த்தம். நீலப் பூப்போட்ட கிண்ணம். அதைத் தேடிக் கடைகடையாக என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாள்.

வில்லோ தளிர்த்த சமயம், வினிகர் வாங்கப் பாலத்தைத் தாண்டிப் போனேன். தாமரைச் சந்தைக் கடைத்தெரு வாசலில், வெளியூர்க்காரர் ஒருவரிடம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முதுகு எனக்குத் தெரிந்த முதுகு.

"எனக்கு இந்த ஊர்ல யாருமே இல்லீங்க. இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள் வேற. சேர்ந்து ஒரு டீ குடிக்கலாமா? உங்களைப் பாத்தா எங்க மாமா மாதிரியே இருக்கு. என் பேரு சியாவ்மான்."

வினிகர் வாங்காமலே திரும்பினேன்.

"சூச்சின், உன் பொண்ணு எங்க வேலை பாக்கறான்னு தெரியுமா?"

"தேநீர்க் கடையில."

"எந்த மாதிரித் தேநீர்க் கடைன்னு தெரியுமா?"

சூச்சின் வெந்நீர்க் குடுவையின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "தெரியும்."

"என்ன பேரு சொல்லிக்கிட்டுத் திரியறான்னு தெரியுமா?"

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சுமா உக்காந்திருக்க? கையில பட்டையைக் கட்டிக்கிட்டு? நீ சொல்றியா, இல்ல நான் போய் வட்டாரப் போலீஸ்காரர்கிட்ட சொல்லட்டுமா? செத்துப்போன பிள்ளை பேரை எடுத்துத் தூண்டில்ல மாட்டியிருக்கா, உனக்கு ஆத்திரம் வரலையா?"

"வந்துச்சு. முதல் நாள் வந்துச்சு." ஏரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அக்கா, நம்ம சந்துல இத்தனை வருஷமா அந்தப் பேரை யாராவது வாயால சொல்லியிருக்கீங்களா? நல்ல எண்ணத்துலதான், எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் குத்தம் சொல்லல. அன்னைக்கு இதே இடத்துல உக்காந்திருக்கேன். பாலத்துக்கு அந்தாண்டையிலிருந்து ஒருத்தி, 'சியாவ்மான், இங்க வாடி!'ன்னு கத்தறா. நான் எழுந்து நின்னுட்டேன். காத்துல யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. அப்பறம் 'வர்றேன்!'னு ஒரு குரல். பதில் வருது அக்கா. கூப்பிட்டா பதில் வருது."

ஹூ ஐஸ்குச்சியோடு எங்கள் பக்கம் வந்தவன், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"தினமும் அவளுக்குப் பொறந்தநாள்," என்றாள் சூச்சின். "சில நாள் மூணு தடவை."

"ஏமாந்து போறவங்க?"

"வெளிநாட்டுக்காரங்க, கம்பெனிச் செலவுல வர்றவங்க... ஒரு டீக்கு அழுதா அவங்க ஒண்ணும் நடுத்தெருவுக்கு வந்துட மாட்டாங்க."

"இதை உன் மனசு ஒத்துக்குதா?"

"ஒத்துக்கல," என்றாள். "சியாவ்மான் நாள் வரைக்கும் விடு, அக்கா. அன்னைக்கு அவ மத்தியானம் சாப்பிட வர்றேன்னு சொல்லியிருக்கா. நூடுல்ஸ் பண்ணப்போறேன். அன்னைக்கே நானே சொல்லி வேலையை விடச் சொல்லிடறேன்."

நான் போலீஸ்காரரிடம் போகவில்லை.

அந்த நாள் வந்தது. காலையிலேயே மாவு பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடிவைத்துவிட்டுத்தான் சூச்சின் மரத்தடிக்கு வந்தாள். நகத்தில் மாவு ஒட்டியிருந்தது. "நடுவுல அறுந்து போகாம ஒரே இழையா இழுக்கணும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "பொறந்தநாள் நூடுல்ஸ் அறுந்தா ஆயுசுக்கு ஆகாது." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மேற்கத்திப் பேச்சு, கான்சூ பக்கமாக இருக்கும். அந்த ஆள் வெயிலிலும் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். அந்த அம்மா மார்போடு ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைத் தட்டையாக அணைத்துப் பிடித்திருந்தாள். பெய்ஜிங்கில் இருப்பவர்களுக்கு அந்தப் பை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் போட்டுத் தருவது.

"அக்கா, பாலம் தெரியற மாதிரி எங்க ரெண்டு பேரையும் ஒரு படம் எடுத்துத் தர்றீங்களா?"

நான் போனை வாங்கிக்கொண்டேன். "பையைக் கீழ வையேம்மா, படத்துல நல்லா இருக்காது."

"வேணாங்க, மடங்கிடும்." அவள் பையை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். "பொண்ணுக்கு அனுப்பணும். அவதான் எங்களை விரட்டி விட்டா. 'ரெண்டு பேரும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காராதீங்க, போய் ஏரியப் பாத்துட்டுப் படம் அனுப்புங்க'ன்னுட்டா."

"எந்த வார்டு?" என்று கேட்டாள் சூச்சின்.

"ரத்த நோய் வார்டுங்க."

"எத்தனையாவது தடவை மருந்து ஏத்தறாங்க?"

அந்த அம்மா அவளை உற்றுப் பார்த்தாள். கேட்கத் தெரிந்தவள் கேட்கும் கேள்வி அது. "மூணாவது. சாயங்காலம் பணம் கட்டினா நாளைக்கு ஆரம்பிச்சுடுவாங்க." அந்த ஆள் கோட்டின் மார்பை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சிரிங்க," என்றேன். சிரித்தார்கள்.

"சாப்பிட முடியாம வாய் புண்ணாயிருக்கும்," என்றாள் சூச்சின். "பேரிக்காயை வேகவெச்சு ஆறவெச்சுக் குடு. அது இறங்கும்."

"சரிங்க அக்கா." அவர்கள் பாலத்தின்மேல் நடந்தார்கள். சூச்சின் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தின் மறுமுனையில் இரண்டு பெண்கள் அவர்களை வழிமறித்தார்கள். போனை நீட்டினார்கள். அந்த ஆள் வாங்கி அவர்களைப் படம் எடுத்தார். பேச்சு தொடங்கியது. காற்று எங்கள் பக்கம்தான் வீசியது.

"பொறந்தநாளா? இன்னைக்கேவா?" அந்த அம்மாவின் குரல். "எங்க பொண்ணு வயசுதான் இருக்கும் போலிருக்கே. பொறந்தநாள் அதுவுமாத் தனியாவா இருக்க?"

"எனக்கு இங்க யார் இருக்காங்க, அத்தை? சொந்த ஊர் தூரம். அம்மாகூட இல்ல."

"ஐயோ பாவம். ஏங்க, பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போலாமா?"

நான் எழுந்தேன். "சூச்சின், நான் போறேன். இதுக்கு மேல முடியாது."

அவள் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளே எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் ஓடவில்லை. பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே, சாயங்காலம் விளையாடும் பிள்ளையை வாசலிலிருந்து கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

"சியாவ்மான்! வீட்டுக்கு வா! நூடுல்ஸ் இழுக்கப்போறேன், ஒட்டிப்போயிடும்!"

அத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை உரக்கக் கேட்டது அன்றுதான். ஹூகூட மிதியை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

யென் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாவும் பார்த்தாள்.

"உன்னைத்தானம்மா கூப்பிடறாங்க? அம்மா இல்லைன்னியே?"

"எனக்கு இவங்க யாருன்னே தெரியாது, அத்தை." குரல் தெளிவாக வந்தது. "இந்த ஏரிக்கரையில இப்படிச் சில வயசானவங்க இருக்காங்க. புத்தி சரியில்ல போலிருக்கு. வாங்க, நாம போலாம்."

சூச்சின் அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே பாலத்தின் மேல் நடந்து போனாள். நானும் பின்னால் போனேன்.

"ஆமா, புத்தி சரியில்லதான்," என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். "தங்கச்சி, உங்களுக்கு டீ வேணும்னா என் வீட்டுக்கு வாங்க, காசு கேக்க மாட்டேன். அந்தக் கடைக்குள்ள போனா, கோட்டுக்குள்ள இருக்கிறதைப் பிடுங்கிக்கிட்டுத்தான் வெளிய விடுவாங்க. அதுல உங்க பொண்ணோட மருந்து இருக்கு."

அந்த ஆளின் கை மீண்டும் மார்புக்குப் போனது. கூட இருந்த பெண் நைசாக நழுவிவிட்டாள். யென் மட்டும் நின்றாள்.

"இவங்க சொல்றது நெசமாம்மா?" என்றாள் அந்த அம்மா. "பொறந்தநாள்னியே? அதுவாவது நெசமா?"

"அது நெசம்," என்றாள் சூச்சின். "இன்னைக்கு மட்டும் நெசம்."

அவர்கள் இருவரும் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பையை அணைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் வேகவேகமாகப் போனார்கள். நன்றி சொல்லவில்லை. பயந்துபோனவர்களுக்கு அதெல்லாம் தோன்றாது.

"எனக்கு அந்தப் பை என்னன்னே தெரியாதும்மா," என்றாள் யென். இப்போது அம்மா என்றாள். "ஏதோ படம் வாங்கிட்டு வந்திருக்காங்கன்னு நினைச்சேன்."

"தெரிஞ்சிருந்தா விட்டிருப்பியா?"

அவள் காலணியைப் பார்த்தாள். எனக்கு வாய்வரை ஏதேதோ வந்தது. சூச்சின் என்னைப் பேச விடாமல் கையைக் காட்டினாள்.

"சாப்பிட வர்றியா?" என்று யென்னிடம் கேட்டாள். "மாவு ஊறியிருக்கும்."

"கடையில தேடுவாங்க."

"சரி."

யென் போனாள். கடைத்தெருக் கூட்டத்தில் அவள் முதுகு மறையும்வரை நாங்கள் நின்றோம். பிறகு சூச்சின், "நாற்காலியை எடுக்கணும், யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க" என்றாள்.

அன்று பிற்பகல் நான்தான் வட்டாரப் போலீஸ்காரரிடம் சொன்னேன். சூச்சின் கூடவே வந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். யென் பெயரை மட்டும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. போலீஸ் வந்து கடையை இழுத்து மூடியது. கொஞ்ச நாளில் கடைக்காரர்கள் அடுத்த சந்தில் வேறு பலகை மாட்டிக்கொண்டு திறந்தார்கள்.

அன்று போலீஸ்காரரைப் பார்த்துவிட்டு நாங்கள் முற்றத்துக்குத் திரும்பியபோது மேற்கு அறை காலியாக இருந்தது. பெருக்கிக்கூட விட்டிருந்தாள். சூச்சின் வீட்டு ஜன்னல் திண்டில் அந்த நீலப் பூக் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே குச்சிகள் இரண்டும் சேர்த்து.

சூச்சின் அதை எடுத்து ஈரம் துடைத்தாள். ஈரமே இல்லை.

"எடுத்துக்கிட்டுப் போயிருந்தா, திருடின்னு திட்டியிருப்பேன்," என்றாள். "வெச்சுட்டுப் போயிருக்கா பாரு."

உள்ளே போய் மாவைத் தொட்டாள். அதிகம் ஊறிவிட்டிருந்தது. இழுக்க இழுக்க அறுந்தது. அறுந்ததை எல்லாம் அப்படியே வெந்நீரில் போட்டாள். நான் வெள்ளரிக்காயைச் சீவினேன். சுவரில் சூச்சினின் மகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படம், கழுத்தில் அலுவலக அட்டை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "சியாவ்மானுக்கு நூடுல்ஸ்ல வெள்ளரிக்கா போட்டாப் புடிக்குமா?"

கரண்டி நின்றது. அடுப்பில் நுரை பொங்கி வழிந்தது. அவள் அணைக்கவில்லை, நான்தான் அணைத்தேன்.

"புடிக்காது," என்றாள். "ஒவ்வொண்ணாப் பொறுக்கி என் கிண்ணத்துல போட்டுடுவா. சோயா விழுது மட்டும் மூணு கரண்டி போட்டுக்குவா. உப்பு அதிகம்டி, உடம்புக்கு ஆகாதுடின்னு கத்துவேன். உடம்புக்கு ஆகாதுன்னு... அதுக்குத்தான் அவ்வளவு கத்தினேன்."

நீலப் பூக் கிண்ணத்தில் எனக்குப் போட்டுக் கொடுத்தாள். வேறு கிண்ணம் இல்லாமல் இல்லை. நான் வாங்கிச் சாப்பிட்டேன். வெள்ளரிக்காய்களைப் பொறுக்கி அவள் கிண்ணத்தில் போட்டேன். அவள் அழுதுகொண்டே தின்றாள்.

கோடைக் கூட்டம் வந்துவிட்டது. வழக்கம்போல மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம். ஹூ வழக்கம்போலத் திட்டு வாங்குகிறான். ஒருநாள் காலை, பாலத்துக்கு அந்தாண்டையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"தான்தான், இங்க வாடி!"

"வர்றேன்!"

பெயர்தான் வேறு, குரல் யென்னுடைய குரல்தான். சூச்சின் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். எழாமலும் உட்காராமலும் அப்படியே இருந்தாள். பிறகு உட்கார்ந்து, கைப்பட்டையை மேலே ஏற்றி விட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஒரு குழந்தையோட ரெண்டு பேரு அவகிட்ட நிக்கறாங்க," என்றாள். "நீ போய்ச் சொல்லிட்டு வந்துடு. எனக்குக் கால் வரமாட்டேங்குது."